கேமரா இல்லாத இடங்கள்: அலபாமா, மிசிசிப்பி வழியே ஏழு நாள்

முதல் நாள்: பர்மிங்ஹாம்

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் குடிமை உரிமை இயக்கத்தைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்துக்கு வரும் படக்குழுக்கள் பெரும்பாலும் முன்வாசல் படிக்கட்டுக்கு எதிரேதான் ட்ரைபாடை நிறுத்தும். இரட்டைக் கோபுரம், அகலமான படிகள், பார்க்க அழகு. ஆனால் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்தது பக்கவாட்டில், கிழக்குப் புறப் படிக்கட்டுக்கு அடியில். 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை 10.22. அடித்தளத்து அறையில் ஆராதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்த நான்கு சிறுமிகள் இறந்தார்கள். ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன் மூவருக்கும் 14 வயது. டெனிஸ் மெக்நேருக்கு 11. முகப்பை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினால் கிடைப்பது சுற்றுலா அஞ்சலட்டை. பக்கச் சுவரைத் தெருமட்டத்திலிருந்து எடுத்தால்தான் வெடித்த இடத்துக்கும் அந்த அறைக்கும் இடையே எவ்வளவு குறைந்த தூரம் என்பது பார்ப்பவருக்கு உறைக்கும்.

அன்றைக்கே அதே ஊரில் இன்னும் இரண்டு கறுப்பினப் பையன்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்: 16 வயது ஜானி ராபின்சன், 13 வயது வர்ஜில் வேர். ராபின்சனைச் சுட்டது போலீஸ். பெரும்பாலான படங்களில் இந்த இருவரும் ஒரே வாக்கியத்தில் கடந்துபோய்விடுவார்கள். காட்டப் படச்சுருள் இல்லை என்பதே முக்கியக் காரணம். இந்த ஏழு நாளும் திரும்பத் திரும்ப வரப்போகும் சிக்கல் இதுதான். கேமரா நின்ற இடம் வரலாறாகிவிட்டது, நிற்காத இடம் அடிக்குறிப்பாகிவிட்டது.

இந்தியாவிலிருந்து கேமரா கொண்டுவருபவர்கள் முதல் ஷாட்டுக்கு முன் அமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். இங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். நம் ஊர் வழக்கப்படி 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று விட்டுவைத்தால் டியூப்லைட்டும் எல்இடி விளக்கும் திரையில் மினுங்கும். 23.976 ஃப்ரேமுக்கு மாறி, ஷட்டரை 1/60இல் வையுங்கள் (கோணக் கணக்கில் 144 டிகிரி). மினுங்கலோடு பதிவானதை எடிட்டிங்கில் முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

தேவாலயத்துக்குள் வேல்ஸ் மக்கள் பணம் திரட்டி அனுப்பிய கண்ணாடி ஓவியம் இருக்கிறது. ஜான் பெட்ஸ் வரைந்தது, 1965இல் நிறுவப்பட்டது, கைகளை விரித்த கறுப்பு இயேசு. கண்ணாடிக்கு எக்ஸ்போஷர் வைத்தால் உள்ளே இருட்டு, உள்ளே வைத்தால் கண்ணாடி வெளுத்துப்போகும். வெயில் நாளில் இந்த வேறுபாடு எந்தக் கேமராவுக்கும் கஷ்டம். மேகமூட்டத்துக்குக் காத்திருங்கள். விளக்கு வைத்துச் சமாளிக்கப் போனால் கண்ணாடியில் அந்த விளக்குதான் தெரியும்.

எதிரே கெல்லி இங்ராம் பூங்கா. 1963 மே மாதம் ஊர்வலம் வந்த பள்ளிப் பிள்ளைகள் மீது, போலீஸையும் தீயணைப்புத் துறையையும் கையில் வைத்திருந்த நகர ஆணையர் புல் கானரின் ஆட்கள் நாய்களை ஏவியதும் தீயணைப்புக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சியதும் இங்கேதான். நடைபாதையின் இருபுறச் சுவர்களிலிருந்தும் பாயும் நாய்ச் சிற்பங்களைப் பெரியவர்களின் கண்மட்டத்தில் எடுத்தால் வெறும் சிற்பம். லென்ஸைத் தரையிலிருந்து 1.25 மீட்டருக்கு இறக்குங்கள். பத்து வயதுப் பிள்ளையின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில் இருக்கும்.

இரண்டாம் நாள்: பர்மிங்ஹாம், ஆவண அறை

இன்று கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். பர்மிங்ஹாம் பொது நூலகத்தில் புல் கானரின் அலுவலகக் கோப்புகள் இருக்கின்றன. பாதி நாளாவது அங்கே வேண்டும். மீதி நேரம் செய்திப் படச்சுருளுக்கு.

அந்தக் காலத்துத் தொலைக்காட்சிச் செய்தி 16 எம்எம் படச்சுருளில் எடுக்கப்பட்டது. 400 அடிச் சுருள் 24 ஃப்ரேம் வேகத்தில் சுமார் 11 நிமிடம் ஓடும். 100 அடி என்றால் இரண்டே முக்கால் நிமிடம். களத்தில் அதிகம் புழங்கிய பெல் அண்ட் ஹவல் ஃபில்மோ, சாவி கொடுத்து ஓட்டும் கேமரா. ஒரு முறை முடுக்கினால் அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும், பிறகு நின்றுவிடும். ஒரு தாக்குதல் காட்சி சட்டென்று அறுந்துபோனால் அதைத் தணிக்கை என்று எழுதிவிடாதீர்கள். சுருள்வில் தளர்ந்திருக்கலாம்.

ஃபில்மோவில் ஒலி கிடையாது. பழைய படங்களில் கேட்கும் நாய்க் குரைப்பு, சைரன், கூச்சல் பெரும்பாலும் பின்னால் ஒலி நூலகத்திலிருந்து ஒட்டியவை. ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்குப் பிரதியாகிப் பிரதியாகி இப்போது மூல ஒலி என்றே நம்பப்படுகின்றன. மூலச் சுருளில் ஒலித்தடம் இருக்கிறதா என்று காப்பகத்திடம் எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் மௌனமாகவே விடுங்கள். தடியடிக்கு ஸ்டுடியோவில் ஓசை சேர்ப்பதைப் போன்ற மட்டமான வேலை இந்தத் துறையில் வேறில்லை.

ஒலியோடு எடுத்த சுருளில் வேறு வம்பு. காந்தத் தடத்தில் ஒலி, படத்துக்கு 28 ஃப்ரேம் முன்னால் பதிவாகியிருக்கும். செய்தி அறையில் அவசரமாகப் படத்தைப் பார்த்து வெட்டி ஒட்டியிருப்பார்கள். அதனால் புதிய முகம் திரைக்கு வந்த பிறகும் ஒரு வினாடிக்கு மேல் பழைய ஆளின் குரலே கேட்கும், புதியவரின் முதல் சொற்கள் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். இதை ஸ்கேன் கோளாறு என்று நினைத்து நகர்த்தினால் மீதி முழுவதும் உதடு பிசகும். இன்னொன்று: 24 ஃப்ரேம் சுருளை 23.976க்கு மாற்றும்போது ஒலியையும் அதே அளவு மெதுவாக்க வேண்டும். மறந்தால் 11 நிமிட முடிவில் 0.66 வினாடி, அதாவது 16 ஃப்ரேம் விலகியிருக்கும்.

டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அசிடேட் தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட சுருள் சுருங்கியிருக்கும், பல்சக்கரம் உள்ள கருவியில் ஓட்டினால் துளைகள் கிழியும். பல்சக்கரம் இல்லாத ஸ்கேனரில்தான் ஏற்றவேண்டும். தட்டையான லாக் முறையில் (வெளிச்ச விவரம் முழுவதையும் தக்கவைக்கும் குறைந்த கான்ட்ராஸ்ட் பதிவு), ஃப்ரேம் ஓரமும் துளையும் தெரியும்படி முழு அகலத்துக்கு ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஓரத்தில் இருக்கும் தயாரிப்புக் குறிகளிலிருந்து சுருள் தயாரான ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். தவறாகத் தேதியிட்ட துண்டுகள் ஏராளம்.

குண்டுவெடிப்பு வழக்கில் சாம்ப்ளிஸ் 1977இலும், பிளாண்டன் 2001இலும், செர்ரி 2002இலும் தண்டிக்கப்பட்டார்கள். பிளாண்டன் வழக்கில் முக்கியச் சான்று, அவருடைய சமையலறையை ஒட்டி எஃப்பிஐ 1964இல் மறைத்துவைத்த மைக்கில் பதிவான பேச்சு. 1977 வழக்கை நடத்தியவர்களின் கைக்கு அந்த நாடாக்கள் போகவே இல்லை. இரைச்சல் மிகுந்த ஒலி. இதைப் படத்தில் பயன்படுத்தும்போது, திரையில் நாம் போடும் வரியே பார்வையாளரின் காதுக்குச் சொற்களைச் சொல்லிக்கொடுத்துவிடும். ஆகவே முதலில் வரி இல்லாமல் ஒரு முறை, பிறகு வரியோடு ஒரு முறை. வரியை நீதிமன்றத்தில் தாக்கலான எழுத்துப்படியிலிருந்து மட்டும் எடுங்கள்.

எஃப்பிஐ கோப்பு கேட்டு மனு போடுபவர்களுக்கு: சட்டப்படி 20 வேலை நாளில் பதில் வரவேண்டும். நடப்பில் மாதங்கள், சில நேரம் ஆண்டுகள். வரும் பக்கங்களில் பெயர்கள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருக்கும். மறைத்ததற்கான காரணம் ஓரத்தில் சுருக்கக் குறியாக இருக்கும். தனியுரிமை என்று சொல்லி மறைத்திருந்தால், அந்த நபர் இறந்ததற்கான சான்று அல்லது இரங்கல் செய்தி நறுக்கை இணைத்து மறுபடி மனு செய்யுங்கள். பிறந்து 100 ஆண்டு கடந்தவரை இறந்தவராகவே எஃப்பிஐ எடுத்துக்கொள்ளும். ரகசியத் தகவலாளி என்ற காரணத்தால் மறைத்திருந்தால் இந்த வழி செல்லாது.

மூன்றாம் நாள்: மேரியன்

பர்மிங்ஹாமிலிருந்து ஒன்றரை மணி நேரம் தெற்கே. பெரும்பாலான குழுக்கள் நேரே செல்மாவுக்குப் போய்விடும். மேரியனில் எடுக்க என்ன இருக்கிறது என்பார்கள். நீதிமன்றக் கட்டடம், எதிரே சீயோன் மெதடிஸ்ட் தேவாலயம், ஒரு சிறு சதுக்கம். பயணத்தில் மிகக் கடினமான நாள் இதுதான்.

1965 பிப்ரவரி 18 இரவு. சிறையில் இருந்த இயக்கத் தொண்டர் ஜேம்ஸ் ஆரஞ்சுக்காக மக்கள் தேவாலயத்திலிருந்து புறப்பட்டார்கள். தெருவிளக்குகள் அணைந்தன. மாநிலப் போலீஸ் அடிக்கத் தொடங்கியது. செய்தியாளர்களும் தாக்கப்பட்டார்கள், கேமரா லென்ஸ்களில் பெயின்ட் அடிக்கப்பட்டது, என்பிசி செய்தியாளர் ரிச்சர்ட் வலேரியானியின் மண்டை உடைந்தது. தாயையும் தாத்தாவையும் அடியிலிருந்து காக்கப் போன 26 வயது ஜிம்மி லீ ஜாக்சன், மேக்ஸ் கஃபே என்ற உணவுக்கடைக்குள் சுடப்பட்டார். எட்டாம் நாள் இறந்தார். அந்தச் சாவுதான், வாக்குரிமை கேட்டு செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்குப் புறப்பட்ட நடைபயணத்துக்கே காரணம். சுட்ட போலீஸ்காரர் ஜேம்ஸ் ஃபவுலர் 2010இல்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை ஆறு மாதம்.

தாக்குதலைக் காட்டப் படச்சுருள் இல்லாத ஓர் இரவு. பலர் செல்மா பாலத்துக் காட்சிகளை இங்கே இரவல் எடுத்து ஒட்டிவிடுவார்கள். இது தவறு மட்டுமல்ல, விளக்கணைத்தவர்களின் நோக்கத்தை நாமே நிறைவேற்றிக் கொடுப்பது. நடிகர்களை வைத்து மறுபடி நடத்திக் காட்டுவதும் வேண்டாம். பக்கத்தில் உண்மையான செய்திப்படம் வரும்போது நடிப்பு பல்லிளித்துவிடும், உண்மையான படத்தின் மீதும் சந்தேகம் வரும்.

பலன் தரும் ஒரு முறை: ஏ3 தாளில் சதுக்கத்தின் வெற்று வரைபடத்தை அச்சிட்டுக்கொள்ளுங்கள், தேவாலயம், சிறை, நீதிமன்றம், தெருக்கள் மட்டும். சாட்சிக்குத் தடிமனான மார்க்கரைக் கொடுத்து, நின்ற இடம், ஓடிய வழி, விளக்கு அணைந்தபோது இருந்த இடம் ஆகியவற்றைக் குறிக்கச் சொல்லுங்கள். மேலிருந்து ஒரு கேமரா தாளைப் பார்க்கட்டும், இன்னொன்று முகத்தை. ஒவ்வொரு சாட்சிக்கும் புதிய தாள். முந்தியவரின் கோடுகளைக் காட்டக்கூடாது, நினைவு சாய்ந்துவிடும். பிறகு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் முரண்கள் தெரியும். இருட்டில் ஐம்பது அடி தள்ளி நின்றவருக்கு வேறொன்று தெரிந்திருக்கும். முரணை ஒளிக்காமல் படத்தில் வையுங்கள்.

இந்தச் சாட்சிகள் இப்போது எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருப்பவர்கள். ஒரு அமர்வு 90 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. அடி வாங்கியதைக் கேட்பதற்கு முன் அந்த வாரம் என்ன வேலை, எந்தத் தெருவில் வீடு, யார் கூப்பிட்டு ஊர்வலத்துக்குப் போனார்கள் என்று கேளுங்கள். இடம் ஞாபகம் வந்தால் மற்றது தானாக வரும். "எப்படி இருந்தது?" என்ற கேள்விக்கு, எத்தனையோ மேடைகளில் சொல்லித் தேய்ந்த பதில்தான் வரும். சடலப் படத்தையோ காயப் படத்தையோ திடீரென்று நீட்டுவது கொடுமை. ஒப்புதல் படிவத்தைப் பேட்டிக்கு முன்பே படித்துக் காட்டி, பேட்டிக்குப் பிறகு கையெழுத்து வாங்குங்கள். எதைச் சொன்னோம் என்று தெரிந்தபின் போடும் கையெழுத்துக்குத்தான் மதிப்பு.

ஒலிக்கு: சட்டையில் ஒரு மைக், தலைக்கு மேல் பூம் (கம்பில் நீட்டிப் பிடிக்கும் மைக்) ஒன்று, இரண்டும் தனித் தடத்தில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஏசியையும் ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டு, கார் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். மறுபடி போடாமல் கிளம்ப முடியாது. முடிந்ததும் அதே அறையில் எல்லோரும் அசையாமல் ஒரு நிமிடம் வெற்று ஒலி. கோடையில் மாலைப் பேட்டியைத் திண்ணையில் வைக்காதீர்கள். சில்வண்டுச் சத்தம் பேச்சின் ஸ, ஷ போன்ற உரசொலிகளைத் தின்றுவிடும், வடிகட்டினால் குரலும் சேர்ந்து போகும்.

நான்காம் நாள்: செல்மா

எட்மண்ட் பெட்டஸ் பாலம் நடுவில் திமில்போல் உயர்ந்தது. 1965 மார்ச் 7 அன்று செல்மா பக்கமிருந்து ஏறிய சுமார் 600 பேருக்கு உச்சியை அடையும்வரை எதிரே காத்திருந்த போலீஸ் கண்ணில் படவில்லை. இதை விவரிப்புக் குரலில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். கண்மட்டத்தில், நடைபாதையில், வெட்டில்லாமல் நடந்து ஏறும் ஒரே ஷாட் போதும். ஞாயிறு விடிகாலையில் லாரிகள் குறைவு. கனரக வண்டி ஏறினால் பாலம் அதிரும், நீள லென்ஸில் அது பூகம்பமாகத் தெரியும். வளைவில் பொறித்த பெயர் தெரிய வேண்டுமென்றால் செல்மா பக்கத்திலிருந்து பிற்பகலில் எடுங்கள், காலையில் அங்கே எதிர்வெயில். மார்ச் முதல் வாரம் நினைவு நாள் கூட்டம், காலியான பாலம் கிடைக்காது.

அன்று போலீஸ் அவர்களைத் தாக்கியதைக் காட்டும் படச்சுருள்தான் இந்த இயக்கத்தையே மாற்றியது. ஏபிசி அன்றிரவு, நாஜி விசாரணை பற்றிய திரைப்படத்தை இடையில் நிறுத்தி இதை ஒளிபரப்பியது. ஆனால் பயன்படுத்தும்போது ஒரு பொறி உண்டு. பல நிறுவனங்களின் கேமராக்கள் அருகருகே நின்று ஒரே தாக்குதலை எடுத்தன. அவற்றைக் கதைப்படம்போல் கோணம் மாற்றி மாற்றி வெட்டினால், ஒரே அடி இரண்டு மூன்று அடியாகிவிடும். கண்ணீர்ப் புகை எழும் கணம், குதிரைகள் நுழையும் கணம் என இரண்டு அடையாளங்களை வைத்து எல்லாச் சுருள்களையும் ஒரே காலக்கோட்டில் அடுக்குங்கள். கேமரா வேகங்கள் சற்றே மாறுபடும் என்பதால் ஒரு அடையாளம் மட்டும் போதாது.

ஐந்தாம் நாள்: மான்ட்கோமரி

கும்பல் படுகொலைக்கு ஆளான கறுப்பினத்தவர்களின் நினைவிடம் (2018இல் திறந்தது): 800க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள், 4,400க்கும் மேற்பட்ட பெயர்கள். உச்சிவெயிலில் பெயர்கள் வாசிக்க முடியாமல் போகும். சாய்வெயிலில் செதுக்கெழுத்து நிழல் பெறும். எழுத்துமூல அனுமதியோடு போங்கள்.

பழைய கிரேஹவுண்ட் பேருந்து நிலையம் இப்போது அருங்காட்சியகம். 1961 மே 20 அன்று ஃப்ரீடம் ரைடர்களுக்காக (பேருந்துகளில் இனப் பிரிவினையை எதிர்த்துக் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து பயணித்த தொண்டர்கள்) காத்திருந்த கும்பல் முதலில் பாய்ந்தது செய்தியாளர்கள் மேல், கேமராக்கள் மேல். ஆறு நாள் முன்பு பர்மிங்ஹாமிலும் இதே கதை. அங்கே புகைப்படக்காரர் டாமி லாங்ஸ்டனை அடித்துக் கேமராவை உடைத்தார்கள், உள்ளிருந்த ஃபிலிம் தப்பியது. தப்பிய அந்த ஒற்றைப் படத்தில், அடிப்பவர்களிடையே எஃப்பிஐயின் சொந்தத் தகவலாளி கேரி தாமஸ் ரோவும் இருந்தார். இப்படிப்பட்ட ஒற்றைப் படத்தை மெல்ல மெல்ல நெருங்கும் வழக்கமான அசைவை இங்கே கைவிடுங்கள். அசையாமல் பத்து வினாடி முழுப்படம் இருக்கட்டும், பார்ப்பவரே முகங்களைத் தேடுவார்.

ஆறாம் நாள்: ஜாக்சன்

மிசிசிப்பி மாநில ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஎல்பிடி தொலைக்காட்சி நிலையத்தின் செய்திச் சுருள்கள் இருக்கின்றன. கறுப்பினத் தலைவர்கள் திரையில் வந்தால் "கேபிள் கோளாறு" என்று அட்டை போட்ட நிலையம் இது, இனப்பாகுபாட்டுக்காகவே பிறகு உரிமத்தை இழந்தது. அது எதை எடுத்தது, எதை எடுக்காமல் விட்டது என்பதே தனிப் படத்துக்குப் பொருள். அதே காப்பகத்தில் மாநில அரசின் உளவு அமைப்பான இறையாண்மை ஆணையத்தின் கோப்புகள், 1998இல் திறக்கப்பட்டவை, இணையத்தில் தேடலாம். உளவாளி எழுதியதை அப்படியே நடந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வதந்தியும் பழிவாங்கலும் நிறைய.

குடிமை உரிமைத் தலைவர் மெட்கர் எவர்ஸ் 1963 ஜூன் 12 அன்று சுடப்பட்ட வீடு இப்போது தேசியப் பூங்காத் துறையிடம். 2025இல் வந்த சட்டப்படி எட்டுப் பேர் அல்லது அதற்குக் குறைவான குழு, கையில் தூக்கும் கருவிகளோடு, பொதுமக்கள் போகும் இடத்தில் எடுக்கப் பொதுவாக அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. ட்ரோன் கூடாது.

உரிமம் பற்றி: ஹென்றி ஹாம்ப்டனின் 14 மணி நேரத் தொடர் "ஐஸ் ஆன் த ப்ரைஸ்", இந்தத் துறையின் பாடநூல், 1990களின் நடுவில் புழக்கத்திலிருந்தே மறைந்தது. செய்திப்படத்துக்கும் இசைக்கும் வாங்கிய உரிமம் சில ஆண்டுகளுக்கு மட்டுமே, புதுப்பிக்கப் பணம் இல்லை. நிதி திரட்டி மறுபடி வெளியிட 2006 ஆகிவிட்டது. ஆகவே "எல்லா ஊடகம், எல்லா நாடு, காலவரை இல்லை" என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். கட்டுப்படியாகாவிட்டால் நிமிடங்களைக் குறையுங்கள், ஆண்டுகளைக் குறைக்காதீர்கள். கூட்டரசு ஊழியர்கள் பணியில் எடுத்த படங்களுக்குக் காப்புரிமை இல்லை. மாநில அரசுப் படங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

வெட்டி எறிந்த துண்டுகளைப் பார்க்கக் காசு கேட்டாலும் பாருங்கள். 1964 கோடையில் சேனி, குட்மன், ஷ்வெர்னர் என்ற காணாமல்போன மூன்று தொண்டர்களைத் தேடியபோது, ஆற்றில் வேறு இரண்டு உடல்கள் கிடைத்தன. 19 வயது ஹென்றி டீ, சார்ல்ஸ் மூர். தேடியவை இவை இல்லை என்று செய்தி அப்படியே நகர்ந்துவிட்டது. நாற்பது ஆண்டு கழித்து கனடா இயக்குநர் டேவிட் ரிட்ஜன் பழைய செய்திப்படத்தில் அந்த உடலைக் கவனித்து, மூரின் அண்ணன் தாமஸை அழைத்துக்கொண்டு மிசிசிப்பிக்கு வந்தார். அந்தக் கொலையில் சந்தேகிக்கப்பட்ட, செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட ஜேம்ஸ் ஃபோர்ட் சீல் உயிரோடு இருப்பது அப்போதுதான் தெரிந்தது. 2007இல் சீலுக்கு ஆயுள் தண்டனை.

ஏழாம் நாள்: டெல்டா

மனி, சம்னர், ட்ரூ: மிசிசிப்பி டெல்டாவின் மூன்று சிற்றூர்கள். எம்மெட் டில் 1955 ஆகஸ்ட் 28 அன்று கடத்திக் கொல்லப்பட்டபோது வயது 14. பருத்தி அதே உயரத்தில் வேண்டுமென்றால் ஆகஸ்ட் கடைசியில் வாருங்கள். சென்னைப் புழுக்கத்துக்குப் பழகியவர்கள் சமாளிப்பார்கள், லென்ஸ் சமாளிக்காது. ஏசி காரிலிருந்து இறக்கியதும் பனி படியும். துடைக்க வேண்டாம், மூடிய பைக்குள்ளேயே அரை மணி வெளியே வைத்துப் பிறகு திறங்கள். மழை பெய்தால், டில்லின் உடல் மீட்கப்பட்டதாகக் கருதப்படும் கிரேபால் கரைக்குப் போகும் மண்சாலை வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அங்குள்ள நினைவுப் பலகையைச் சுட்டுச் சுட்டுத் துளைத்ததால் 2019இல் குண்டு துளைக்காத பலகை வைத்தார்கள், எடை 225 கிலோவுக்கு மேல். துளைபட்ட பழைய பலகை ஒன்று வாஷிங்டன் அருங்காட்சியகம் வரை போனது.

சம்னர் நீதிமன்ற அறை 1955 தோற்றத்துக்கே மீட்கப்பட்டிருக்கிறது. குற்றம்சாட்டப்பட்ட ராய் பிரையன்ட், ஜே.டபிள்யூ. மைலம் இருவரையும் வெள்ளை ஆண்களே நிறைந்த ஜூரி 67 நிமிடத்தில் விடுதலை செய்தது. உயரமான கூரை, மரத்தரை, எதிரொலி அதிகம். கம்பளிப் போர்வைகளைக் கேமராவுக்குப் பின்னால் தொங்கவிட்டால் பேட்டி தேறும். விசாரணையின் எழுத்துப்படி பல பத்தாண்டு காணாமல்போய், எஃப்பிஐ மறுவிசாரணையில் ஒரு பிரதி கிடைத்தது. அதைப் படிக்காமல் இங்கே வராதீர்கள்.

ஏனென்றால் விடுதலைக்குப் பின் 1956இல் கொலையாளிகள் பணம் வாங்கிக்கொண்டு பத்திரிகைக்குக் கொடுத்த வாக்குமூலத்தில், டில் அடிக்கப்பட்ட ட்ரூ ஊர்க் களஞ்சியம் இல்லை. மற்றக் கூட்டாளிகளை மறைக்க, கொலை நடந்த இடமே மாற்றப்பட்டது. பல ஆண்டு வந்த விவரிப்புகள் அந்தப் பொய்யையே பின்தொடர்ந்தன. களஞ்சியத்தைச் சொன்னது நீதிமன்றத்தில் 18 வயது வில்லி ரீட் தந்த சாட்சியம்தான். உள்ளே நடந்ததை ரீட் பார்க்கவில்லை, அடிவிழும் ஓசையைக் கேட்டார். மைலம் இடுப்பில் துப்பாக்கியோடு வெளியே வந்து கிணற்றில் தண்ணீர் குடித்ததைப் பார்த்தார்.

நீண்ட காலம் தனியார் நிலமாக இருந்த இடம். முன்கூட்டி அனுமதி கேட்டு, இரண்டு பேர் மட்டும் போங்கள். சுவரை நெருங்க வேண்டாம். சாலையோரத்தில் நின்று பூமை களஞ்சியத்தின் பக்கம் திருப்பி, விடியற்காலையில், யாரும் பேசாமல் ஐந்து நிமிடம் ஒலி மட்டும் பதிவு செய்யுங்கள். காற்றுறை கட்டாயம், டெல்டாவில் காற்றுக்குத் தடை எதுவுமில்லை. ஒலி அளவை உயர்த்தி வையுங்கள். வெளியே நிற்கும் ஒருவருக்குக் கதவுக்கு அப்பாலிருந்து எவ்வளவு கேட்கும் என்பது அந்தத் தடத்தில் இருக்கும்.